சாவி உங்கள் கையில், சுமை யார் தலையில்?

சனிக்கிழமை விடிந்தால் போதும். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்து இறங்குகிற கூட்டம் புதுவையில் முதலில் தேடுவது கடற்கரையை அல்ல, வாடகை ஸ்கூட்டரைத்தான். லாஸ்பேட்டைப் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். வாடகை ஸ்கூட்டர்களும் தாமே ஓட்டிச் செல்லும் வாடகைக் கார்களும் வடக்கே ஆரோவில் நோக்கிப் பறக்கின்றன. 2024 டிசம்பரில் லாஸ்பேட்டை விமான நிலையத்தில் மறுபடி விமானம் இறங்கத் தொடங்கியபின், வானத்திலிருந்து இறங்குகிறவரும் சாவி கேட்கத் தொடங்கிவிட்டார்.

பணக்காரர் ஊர் சுற்றுவதைப் பற்றி உழைப்பாளிக்கு என்ன கவலை என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கவலை நமக்குத்தான்! அந்த வண்டி மோதினால் கீழே விழுகிறவர் யார்? சாலையோரம் பூ விற்கிற அம்மாள், சைக்கிளில் வேலைக்குப் போகிற கொத்தனார், பாலிடெக்னிக் விட்டு வீடு திரும்பும் பிள்ளை. வண்டியைத் துடைத்து வாடிக்கைக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிற பையன் நம் தெருப் பையன். ஆலை மூடிய பிறகு கைக்கு வந்த தொகையில் இரண்டு ஸ்கூட்டர் வாங்கி வாடகைக்கு விட்டுப் பிழைக்கலாம் என்று கணக்குப் போடுகிறவர் நம் தோழர். தங்கை கல்யாணத்துக்கு ஒரு நாள் வாடகைக் கார் எடுக்கிறவரும் நாம்தான். இத்தனை பேரும் ஒரே ஒரு வாக்கியத்தை நம்பிக்கொண்டிருக்கிறார்கள்: “அண்ணே, வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு.”

இருக்கிறது, சரி. யாருக்கு இருக்கிறது? எதற்கு இருக்கிறது? அதைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மோட்டார் இன்ஷூரன்ஸ் ஒன்றல்ல, இரண்டு. முதலாவது, சட்டம் கட்டாயமாக்கிய மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ். பணம் கட்டிய உரிமையாளர் முதல் நபர். பணம் வாங்கிய கம்பெனி இரண்டாம் நபர். இந்த இருவருக்கும் சம்பந்தமே இல்லாமல் தெருவில் போய்க்கொண்டிருந்தவர் மூன்றாம் நபர். அவர் செத்தாலோ கைகால் இழந்தாலோ நஷ்ட ஈடு கொடுக்கத்தான் இந்த ஏற்பாடு. இங்கிலாந்தில் 1930-லேயே இது வந்தது. வெள்ளையன் ஆண்ட இந்தியாவில் 1939-ல் சட்டம் எழுதி, 1946 ஜூலை 1 முதல்தான் இந்த அத்தியாயத்தை அமுலுக்குக் கொண்டுவந்தார்கள். அன்று புதுவை பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது. அவன் சொந்த நாட்டில் எல்லா மோட்டாருக்கும் இது கட்டாயமானது 1958-ல். அதற்கு நாலு வருஷம் முன்பே, 1954 நவம்பர் 1-ல், அவன் புதுவை நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டான்! இன்று நாடு முழுவதும் செல்லுவது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். அதன் 146-வது பிரிவுப்படி மூன்றாம் நபர் பாலிசி இல்லாத வண்டி சாலைக்கு வரக்கூடாது. வந்தால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, அல்லது இரண்டுமோ.

இரண்டாவது, வண்டிக்கே வரும் சேதத்துக்கான இன்ஷூரன்ஸ். இது உரிமையாளர் இஷ்டப்பட்டால் எடுப்பது. கண்ணாடி உடைந்தால், கதவு நசுங்கினால், வண்டி திருட்டுப் போனால் கம்பெனி கொடுக்கும். யாருக்கு? உரிமையாளருக்கு. வாடகைக்கு எடுத்தவருக்கு அல்ல. இந்த வித்தியாசத்தை மனதில் ஆணியடித்து வைத்துக்கொள்ளுங்கள். சங்கடமெல்லாம் இங்கேதான் பிறக்கிறது.

வெள்ளைப் பலகை, கருப்புப் பலகை

வாடகைக்கு விடும் தொழிலுக்கு மத்திய சர்க்கார் இரண்டு திட்டங்கள் வகுத்தது. கார்களுக்கு 1989-ல் ஒன்று, மோட்டார் சைக்கிள்களுக்கு 1997-ல் ஒன்று. உரிமம் வாங்கி, பர்மிட் வாங்கி நடத்த வேண்டும். தாமே ஓட்டிச் செல்லும் வாடகை வண்டியின் எண் பலகை கருப்பு, எழுத்து மஞ்சள். இந்தத் திட்டத்தின்படி வாடகைக்கு எடுத்த கார் அல்லது மோட்டார் சைக்கிளைச் சாதாரண லைசென்ஸ் வைத்திருப்பவரே ஓட்டலாம் என்று சட்டத்தின் 3-வது பிரிவு தெளிவாக அனுமதிக்கிறது.

ஆனால் வெள்ளைப் பலகையில் கருப்பு எழுத்து எழுதிய சொந்த உபயோக வண்டியை ஒருவர் வாடகைக்குக் கொடுக்கிறார் என்று வையுங்கள். அந்த வண்டியின் பாலிசியை எடுத்துப் படியுங்கள். எந்தெந்த உபயோகத்துக்குச் செல்லும் என்ற பகுதியில், கூலிக்கோ வாடகைக்கோ விட்டால் செல்லாது என்று இருக்கும். பிரீமியம் ஒழுங்காகக் கட்டியிருக்கலாம், தேதி முடியாமல் இருக்கலாம், அதெல்லாம் உதவாது. வண்டி நொறுங்கினால் கம்பெனி கையை விரிக்கும். கடைக்காரர் உடனே யாரைப் பிடிப்பார்? வாடகைக்கு எடுத்தவரை!

மனிதர் ஒருவர் அடிபட்டால் என்ன ஆகும்? இங்கே உச்சநீதிமன்றம் ஒரு வழி வகுத்திருக்கிறது. பர்மிட் இல்லாமல் ஓடிய வண்டி பற்றிய ஒரு வழக்கில் 2018-ல் தீர்ப்பளித்தது. பர்மிட் இல்லாமல் ஓட்டியது பாலிசியின் அடிப்படை நிபந்தனையையே மீறியதாகும். ஆனாலும் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் பணத்தைக் கொடுக்க வேண்டும். பிறகு உரிமையாளரிடமும் ஓட்டியவரிடமும் வசூலித்துக்கொள்ளலாம் என்றது. ‘கொடுத்துவிட்டு வசூல் செய்’ என்ற இந்த முறைக்கு 2004-ல் போலி லைசென்ஸ் சம்பந்தமான தீர்ப்பும் பெரிய ஆதாரம். செத்தவர் குடும்பத்துக்கு இது நியாயம், நாம் வரவேற்கிறோம். ஆனால் மறுபக்கம் பாருங்கள். இரண்டு ஸ்கூட்டரை வெள்ளைப் பலகையோடு வாடகைக்கு விட்ட நம் தோழர் பல லட்ச ரூபாய் வசூல் நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். ஸ்கூட்டரை விற்றாலும் தீராது, வீட்டை விற்றாலும் தீராது!

கருப்புப் பலகை வண்டியாக இருந்தாலும் ஒரு கேள்வி கேட்டுத்தான் ஆக வேண்டும். வாடகைக்கு எடுத்தவரே ஓட்டும் வண்டி என்பதற்காகப் பாலிசியில் தனி ஒப்புதல் சேர்த்து, அதற்குண்டான கூடுதல் பிரீமியம் கட்டியிருக்கிறார்களா? அந்த ஒப்புதல் ஏடு பாலிசியோடு ஒட்டியிருக்க வேண்டும். காட்டச் சொல்லுங்கள்.

ஓட்டியவருக்கே அடிபட்டால்?

பலர் நினைத்துக்கூடப் பார்க்காத இடம் இது. வாடகை ஸ்கூட்டரில் போகிறவர் தானே வழுக்கி விழுந்து இறந்துபோனால் அவர் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும்?

கர்நாடகத்தில் இரவல் மோட்டார் சைக்கிளில் போனவர் மாட்டு வண்டியில் மோதி இறந்தார். வழக்கு உச்சநீதிமன்றம் வரை போயிற்று. இரவல் வாங்கி ஓட்டுகிறவர் உரிமையாளரின் இடத்துக்கே வந்துவிடுகிறார், ஆகவே யார்மீது குற்றம் என்று பார்க்காமல் நஷ்ட ஈடு கொடுக்கும் பிரிவில் அவர் குடும்பம் கேட்க முடியாது என்று 2009-ல் சொன்னார்கள். 2020 ஜனவரியில் இதே போன்ற இன்னொரு வழக்கிலும் அதே நிலை. பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநருக்கென்று எழுதியிருந்த தனிநபர் விபத்துத் தொகை ஒரு லட்சம் மட்டும் கிடைத்தது. 2025 ஜூலையில், காரை வேகமாக ஓட்டித் தாமே கவிழ்ந்து இறந்தவரின் குடும்பம் 80 லட்சம் கேட்டுப் போயிற்று, கோர்ட் மறுத்துவிட்டது. இரவலுக்குச் சொன்னதை வாடகைக்குச் சொல்ல மாட்டார்கள் என்று நம்பி இருப்பது அறிவுடைமை ஆகாது.

பின்னால் உட்கார்ந்து வந்த நண்பர் கதி? வெறும் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் உள்ள இரு சக்கர வண்டியானால், பின்னால் இருப்பவருக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று 2006-ல் தீர்ப்பு. முழுப் பாலிசி இருந்தால் அவருக்கும் சேரும். ஸ்கூட்டர் எடுக்கும்போது ‘முழுப் பாலிசியா, மூன்றாம் நபர் பாலிசி மட்டுமா’ என்று கேட்பது ஏன் முக்கியம் என்று இப்போது தெரிகிறதல்லவா?

ஆகவே நம் தொழிலாளர் தோழர்கள் வாடகைக் கடையின் இன்ஷூரன்ஸை நம்பாமல் தமக்கென ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். 2015-ல் தொடங்கிய பிரதமர் சுரட்சா பீமா திட்டத்துக்கு வருஷத்துக்கு 20 ரூபாய்தான். 18 முதல் 70 வயது வரை வங்கிக் கணக்கு உள்ள எவரும் சேரலாம். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். ஒரு உயிருக்கு 2 லட்சம் போதுமா என்று கேட்டால் போதாதுதான். ஆனால் ஒரு வேளை டீயும் வடையும் விலைக்குக் கிடைப்பதை விடுவானேன்?

கல்கத்தாக் குதிரையும் லாஸ்பேட்டை ஸ்கூட்டரும்

இனி வாடகைக் கடையின் காகிதத்துக்கு வருவோம். பொடி எழுத்தில் நாலு பக்கம். கையெழுத்துப் போடு என்கிறார்கள், போடுகிறோம். ஆனால் அந்தக் காகிதத்துக்கு மேலே ஒரு சட்டம் இருக்கிறது. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். வாடகைக்குப் பொருள் எடுப்பவர், கொடுப்பவர் இருவருடைய கடமையையும் அது அன்றே வரையறுத்து வைத்தது. மோட்டார் வராத காலம். அதனால் உதாரணமெல்லாம் குதிரையும் வண்டியும்!

வாடகைக்கு எடுத்தவர், சாதாரண புத்தியுள்ள மனிதன் தன் சொந்தப் பொருளைக் காப்பது போல் காக்க வேண்டும் என்கிறது 151-வது பிரிவு. அப்படிக் காத்தும் சேதம் வந்தால், தனி ஒப்பந்தம் இல்லாதவரை, அவர் பொறுப்பல்ல என்கிறது 152. கடைக்காரரின் பொடி எழுத்து இந்தத் ‘தனி ஒப்பந்தம்’ என்ற ஓட்டை வழியாகத்தான் நுழைகிறது. ‘எந்தச் சேதமானாலும், யார் தவறானாலும் வாடிக்கைக்காரரே பொறுப்பு’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைத் தேடிப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

150-வது பிரிவோ நம் பக்கம் பேசுகிறது. வாடகைக்கு விட்ட பொருளில் பழுது இருந்து அதனால் சேதம் வந்தால், அந்தப் பழுது தனக்குத் தெரியாது என்று உரிமையாளர் தப்பிக்க முடியாது. ஒருவன் வாடகைக்கு எடுத்த குதிரை வண்டி உறுதியற்றது, வண்டிக்காரனுக்கு அது தெரியாது, ஏறியவன் அடிபட்டான், பொறுப்பு வண்டிக்காரனுக்கே. சட்டப் புத்தகத்திலேயே உள்ள உதாரணம் இது. பிரேக் பிடிக்காத ஸ்கூட்டரைக் கொடுத்தவர் ‘எனக்குத் தெரியாதுங்க’ என்றால், நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே அதற்குப் பதில் எழுதிவிட்டார்கள்!

154-வது பிரிவு மாத்திரம் எச்சரிக்கை. கல்கத்தாவில் ஒருவன் காசிக்குப் போகவென்று சொல்லிக் குதிரை வாடகைக்கு எடுத்தான். காசிக்குப் போகாமல் கட்டாக்குக்குப் போனான். ஜாக்கிரதையாகத்தான் ஓட்டினான். ஆனாலும் குதிரை தற்செயலாக விழுந்து அடிபட்டது. நஷ்டம் முழுவதும் அவன் தலையில்! சொன்ன உபயோகத்தை மீறியதுதான் குற்றம். குதிரையை எடுத்துவிட்டு ஸ்கூட்டரை வையுங்கள். காசிக்குப் பதில் ஆரோவில், கட்டாக்குக்குப் பதில் மாமல்லபுரம். அவ்வளவுதான் வித்தியாசம். அதே பிரிவில் இன்னொரு உதாரணமும் உண்டு. தான் சவாரி செய்ய வாங்கிய குதிரையைத் தன் வீட்டு ஆள் ஒருவரிடம் கொடுத்தான், அவரும் கவனமாகத்தான் ஓட்டினார், குதிரை விழுந்தது, வாங்கியவனே பொறுப்பு. ‘ஒரு ரவுண்டு ஓட்டிட்டுத் தர்றேன் மச்சான்’ என்று கேட்கும் நண்பரிடம் சாவியை நீட்டுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நண்பருக்கு வயது 18 ஆகவில்லை என்றால் கதை வேறு; அது கிரிமினல் சங்கதி.

இந்த இடத்தில் ஒரு வதந்தியையும் ஒழித்துவிடலாம். ‘புதுச்சேரி வண்டி கோட்டக்குப்பம் தாண்டினால் இன்ஷூரன்ஸ் செல்லாது’ என்று டீக்கடையில் சொல்லக் கேட்கிறோம். சுத்தப் பொய். மோட்டார் பாலிசி இந்தியா முழுவதும் செல்லும். லாஸ்பேட்டையிலிருந்து சற்று வடக்கே போனால் தமிழ்நாடு, இன்னும் போனால் மறுபடி புதுவையின் காலாப்பட்டு. இந்த எல்லைக்கோடு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் கிடையாது. எல்லை போடுவது கடைக்காரரின் காகிதம்; ஊர் எல்லை, கிலோமீட்டர் எல்லை இரண்டும் அதில் இருக்கும். குதிரைக் கதை அங்கேதான் வேலை செய்கிறது.

“இன்ஷூரன்ஸ் இருந்தும் ஏன் பணம் கேட்கிறீர்கள்?”

கீறல் விழுந்த வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது எழுகிற சண்டை இது. கடைக்காரர் சொல்வதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒர்க்‌ஷாப் பில் முழுவதையும் கம்பெனி கொடுப்பதில்லை. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானம் என்று பாதியைக் கழித்துவிடும். இன்றைய ஸ்கூட்டரில் பிளாஸ்டிக் அல்லாதது எவ்வளவு? இரும்புப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிவு. ஐந்து வருஷம் ஆன வண்டிக்கு 35 சதவீதம் போல. கண்ணாடிக்குக் கழிவில்லை. தேய்மானம் கழிக்காத தனிச் சேர்க்கை வாங்கியிருந்தால் நிலை மாறும்.

இதற்கு மேல் ஒரு சூட்சுமம். வருஷம் முழுக்க கிளெய்ம் கேட்காத உரிமையாளருக்கு அடுத்த வருஷம் வண்டிச் சேதப் பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. தொடர்ந்து கேட்காமலிருந்தால் 50 வரை ஏறும். ஒரு கீறலுக்காக அந்தத் தள்ளுபடியை இழக்க எந்த முதலாளி சம்மதிப்பார்? கம்பெனியிடம் போகாமல் வாடிக்கைக்காரரின் டிபாசிட்டிலேயே கையை வைக்கிறார். இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்று சொல்லி வாடகை வாங்குவது ஒரு வாய். இன்ஷூரன்ஸுக்குப் போகமாட்டேன் என்று டிபாசிட்டைப் பிடிப்பது இன்னொரு வாய்!

என்ன செய்யலாம்? வண்டி வாங்கும்போதே நாலு பக்கமும் செல்போனில் படம் எடுங்கள், கடைப் பையனையும் வைத்துக்கொண்டே. எண்ணை எம்-பரிவாகன் செயலியில் போட்டால் இன்ஷூரன்ஸ் எந்தத் தேதி வரை, வண்டி எந்த வகை என்பதெல்லாம் தெரியும். அசல் லைசென்ஸை அடமானம் போல் வாங்கி வைப்பதற்கு இணங்காதீர்கள். வழியில் போலீஸ் கேட்டால் காட்ட வேண்டியவர் கடைக்காரர் அல்ல, நீங்கள். கடை கேட்கிற தொகை அநியாயமென்றால், ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு இருக்கிறது. காகிதத்தில் எவ்வளவு அபராதம் எழுதியிருந்தாலும் அந்த எண்ணுக்கு உட்பட்ட நியாயமான நஷ்ட ஈடுதான் கிடைக்கும். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ அளவுக்கு மீறிய டிபாசிட், நஷ்டத்துக்குச் சற்றும் பொருந்தாத அபராதம் இரண்டையும் நேர்மையற்ற ஒப்பந்தம் என்றே பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஒப்பந்தமே நேர்மையற்றது என்று வாதாடுவதானால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். சேவைக் குறைபாடு மட்டும் என்றால் மாவட்ட ஆணையம் போதும். கொடுத்த கட்டணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும்.

அடிபட்டவர் பக்கத்துத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. மோட்டார் விபத்து நஷ்ட ஈட்டுத் தீர்ப்பாயத்தில் ஆறு மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரல் முதல் வந்திருக்கிறது. காரியம் முடியட்டும், கருமாதி முடியட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள். மோதிய வண்டியின் பலகை கருப்பா வெள்ளையா என்பதை அன்றே குறித்து வையுங்கள்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்மவர்களும் வாடகைக் கார் எடுக்கிறார்கள். துபாயில் சின்னக் கீறலானாலும் போலீஸ் காகிதம் இல்லாமல் ஒர்க்‌ஷாப்காரர் வண்டியைத் தொடமாட்டார். அந்தக் காகிதம் இல்லாமல் வண்டியைத் திருப்பிக் கொடுத்தால் முழுச் செலவும் எடுத்தவர் கணக்கில். அங்கே கூடுதல் காசு வாங்கிக்கொண்டு சேதத்தைக் கேட்கமாட்டோம் என்று எழுதிக் கொடுப்பார்கள். அது இன்ஷூரன்ஸ் அல்ல. கார்க் கம்பெனி தன் உரிமையை விட்டுக்கொடுப்பதாகச் சொல்லும் வாக்கு. டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் இவற்றை அந்த வாக்கு பெரும்பாலும் சேர்ப்பதில்லை.

கடைசியாகச் சர்க்காரிடம் ஒரு கேள்வி. 1989-ம் ஆண்டுத் திட்டம், கார் வாடகைக்கு விட உரிமம் வேண்டுமானால் 50 கார் வைத்திரு என்றது. ஒரு காரோ இரண்டு காரோ வைத்திருக்கும் லாஸ்பேட்டை டிரைவர் எங்கே போவார்? கதவைச் சாத்திவிட்டு, ஜன்னல் வழியாக ஏறுகிறான் என்று பிடிப்பது என்ன நியாயம்? பெரிய கம்பெனிக்குத் தைத்த சட்டை சின்னவனுக்குப் பொருந்தாது. மோட்டார் சைக்கிள் திட்டத்திலோ ஐந்து வண்டி போதும். ஐந்து தொழிலாளர் கூடி ஒரு கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்தால் எட்டிப் பிடிக்கிற எண் அது. உரிமத்துக்கு என்னென்ன காகிதம் வேண்டும், வாடகைக்காரர் ஓட்டும் ஒப்புதலோடு பாலிசிக்கு எவ்வளவு பிரீமியம் என்ற இரண்டு விவரத்தையும் போக்குவரத்துத் துறையிலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக் கிளையிலும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, அதன்பிறகு ஸ்கூட்டருக்கு முன்பணம் கட்டுங்கள்.